இரண்டு விரற்கடை குறைந்த ஜீப்

அத்தியாயம் ஐந்து

ஜீப் குள்ளமாகிப் போய்விட்டது என்று ஒரு மனிதர் வந்து சொன்னால் முதலில் அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்க வேண்டும். நானும் அதைத்தான் செய்தேன். முஹைதீன் நானா தண்ணீரைக் குடித்தார், வாயைத் துடைத்தார், மறுபடியும் அதையே சொன்னார்.

எங்கள் அலுவலகம் கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில், ஒரு தேத்தண்ணிக் கடையின் மாடியில் இருக்கிறது. அலுவலகம் என்றால் ஒரு மேசை, மூன்று கதிரை, மிஸ் பரிமளம். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். காப்புறுதிக் கம்பனி ஒன்றில் வாகன விபத்துக் கடிதங்களைப் படித்துப் படித்தே, ஒருவன் எந்த வரியில் பொய் சொல்லத் தொடங்குகிறான் என்று மோப்பம் பிடிக்கப் பழகியவர். அந்த வேலையை விட்டுச் சொந்தமாகத் துப்பறிய இறங்கியபோது அவருக்கு ஒரு மொரிஸ் மைனர் வாடகைக் காரும், அதை ஓட்டிக்கொண்டே பேச ஒரு வாயும் தேவைப்பட்டன. இரண்டும் என்னிடம் இருந்தன. என் பெயர் சாஹுல் ஹமீது.

அண்ணன் முறை வைத்து ஊரே நானா என்று கூப்பிடுகிற முஹைதீனைக் கட்டுகஸ்தோட்டையில் தெரியாதவர்கள் கிடையாது. லொறிகளுக்குப் பாரம் தாங்குகிற ஸ்பிரிங், அதாவது வில்லுப் பட்டை, கட்டுகிற கராஜ் அவருடையது. சிரித்த முகத்தைத் தவிர வேறு முகம் அவரிடம் நான் பார்த்ததில்லை. அன்று அந்த முகம் தொங்கிப் போயிருந்தது.

விஷயம் இதுதான். கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கிற அழகமுத்து முதலாளியிடம் ஒரு பழைய ஜீப் இருந்தது. யுத்தம் முடிந்து இராணுவம் ஏலத்தில் விட்டது. தேயிலைத் தோட்டங்களில் சம்பளம் போடுகிற சனிக்கிழமைகளில் அதில் துணி மூட்டைகளை ஏற்றி மடுல்கெல்லவுக்கு அனுப்புவார். அங்கே தோட்டத்தின் மேல் பிரிவுக்குப் போகும் பாதை மழைக்குச் சேறாகிவிடும். ஜீப் வயிறு தட்டி நடுவழியில் படுத்துவிடும். எல்லா வியாபாரிகளும் அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். யார் முதலில் மேலே போகிறாரோ அவருக்குத்தான் தீபாவளி வியாபாரம் என்று கணக்குப் போட்ட அழகமுத்து, ஜீப்பை உயர்த்தி, பெரிய டயர் போட்டுத் தரும்படி முஹைதீன் நானாவிடம் வந்தார்.

வந்தவர் சும்மா வரவில்லை. லொறி டயர் வேண்டும் என்றார், ஜீப்பை ஒரு முழம் தூக்க வேண்டும் என்றார். நானா ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு முழம் தூக்கினால் பன்வில வளைவில் ஜீப் பக்கவாட்டில் சாய்ந்து உங்களைத் தேயிலைக்குள் கொட்டிவிட்டுப் போகும் என்று சொல்லியிருக்கிறார். முதலில் சேற்றுக்கு ஏற்ற டயரைப் பார்க்க வேண்டும், பிறகு அந்த டயர் மட்காட்டில் உரசாமல் திரும்புவதற்கு எவ்வளவு உயரம் தேவையோ அவ்வளவு மட்டும் தூக்க வேண்டும், அதற்கு மேல் தூக்குவது வீண் பெருமை என்பது அவருடைய கட்சி. மூன்று நாள் வாக்குவாதத்துக்குப் பிறகு ஆழமாக வெட்டுப் போட்ட நடுத்தர டயரில் வந்து நின்றார்கள். நானா ஒவ்வொரு வில்லிலும் ஒரு லொறிப் பட்டையைச் சேர்த்துக் கட்டினார். ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பினாலும் டயருக்கும் மட்காட்டுக்கும் நடுவில் ஒரு விரல் போகும், இரண்டாவது விரல் போகாது.

வெள்ளிக்கிழமை காலை கோயில் வாசலில் பூசை. நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். அழகமுத்துவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஜீப் இருக்கைக்குக் கீழே கையை விட்டு, துணி அளக்கிற கெஜக்கோலை இழுத்தெடுத்து, தன் கையாலேயே முன் பம்பருக்கு நேராக நிறுத்தினார். அந்தக் கோலில் கால், அரை, முக்கால் என்று மூன்று இடத்தில் பித்தளை ஆணி அடித்திருக்கும். பம்பர் சரியாக முக்கால் ஆணியைத் தொட்டு நின்றது. சாமிக்குப் போட்ட மாலையில் ஒன்றைக் கேட்டு வாங்கி நானாவின் கழுத்தில் போட்டாராம்.

திங்கட்கிழமை, பக்கத்துக் கடைக்காரர்களுக்குப் பெருமை காட்டுவதற்காகக் கடை வாசலில் வைத்து இன்னொரு முறை அளந்தார். பம்பர் முக்கால் ஆணிக்கு இரண்டு விரற்கடை கீழே நின்றது.

அதற்குப் பிறகு கடைத்தெரு முழுவதும் கேட்கும்படி கத்தியிருக்கிறார். முஹைதீன் உளுத்துப்போன பட்டையைக் கட்டி ஏமாற்றிவிட்டான், மூன்று நாளில் ஜீப் உட்கார்ந்துவிட்டது என்று. தோட்டத்துத் தேயிலை ஏற்றுகிற லொறிகளுக்குச் சொந்தக்காரரான பொன்னுத்துரையின் காதிலும் அது விழுந்துவிட்டது. நானாவின் கராஜ் ஓடுவதே பொன்னுத்துரையின் லொறிகளால்தான். வருகிற திங்கட்கிழமைக்குள் இந்தப் பேச்சு தீராவிட்டால் லொறிகளை வேறு கராஜுக்கு அனுப்பப் போவதாக அவர் ஆள் விட்டுச் சொல்லியிருந்தார். லொறிகள் போனால் கராஜின் கதவை இழுத்து மூட வேண்டியதுதான்.

“நான் கட்டின வில்லு எறங்காது மிஸ்,” என்றார் நானா. “ஆனா ஆணியில வந்து நிண்டத நானும் கண்ணால கண்டன். பொறகு கீழ நிண்டதையும் கண்டன். இப்ப எனக்கே என் கை மேல சந்தேகமா ஈக்கி.”

அதைச் சொல்லும்போது அவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மிஸ் பரிமளம் இரண்டே கேள்விதான் கேட்டார். அழகமுத்து ஜீப்பைத் திரும்பச் சரிசெய்து தரச் சொன்னாரா என்பது முதலாவது. சொல்லவில்லை. நானாவைத் தன் அடிமட்டத்தால் அளந்து பார்க்க விட்டாரா என்பது அடுத்தது. விடவில்லை, திங்கட்கிழமை பின்னேரத்திலிருந்து ஜீப் கடைக்குப் பின்னால் தார்ப்பாய்க்குள் மூடிக் கிடக்கிறது.

“ஏமாந்தவன் எண்டால் ரோட்டில நிக்கிறவனைக் கூப்பிட்டெல்லோ அளந்து காட்டுவான்,” என்றார் மிஸ். “இவர் ஏன் மூடி வைச்சிருக்கிறார்?”

*

துணிக்கடையில் என் வேலை இடுப்பில் கட்டுகிற சாரம் வாங்குவது. வாங்குவதற்கு இல்லை, விற்பனையாள் செல்லப்பாவின் கையையும் கண்ணையும் கட்டிப் போடுவதற்கு. நீலத்தை எடுக்கச் சொன்னேன், பச்சையை எடுக்கச் சொன்னேன், கட்டம் சின்னதாக இருக்கிறது என்றேன், பெரிதாக இருக்கிறது என்றேன். செல்லப்பா பொறுமைசாலி. கழுத்தில் அளவு நாடா, காதில் பென்சில், முகத்தில் எதையோ விழுங்கிவிட்டுத் துப்ப முடியாதவனுடைய பார்வை. அழகமுத்து முதலாளி பணப்பெட்டிக்குப் பின்னால் இருந்தார். உட்கார்ந்தால் ஆள் உயரம், எழுந்தால் குட்டை. அவரே அது தெரிந்தவர் என்பதால் பெரும்பாலும் உட்கார்ந்தே இருப்பார்.

மிஸ் கை கழுவ வேண்டும் என்று சொல்லிப் பின்பக்கம் போனார். திரும்பி வந்தபோது போனதைவிடக் கை அழுக்காக இருந்தது. நான் சாரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவருக்குப் பின்னால் நடந்தேன். செல்லப்பா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

காரில் ஏறியதும் மிஸ் சொன்னார். நான்கு டயரிலும் காற்று இறுக்கமாக இருக்கிறது. மட்காட்டின் உட்பக்கத்தில், டயர் உரசுகிறதா என்று பார்ப்பதற்காக நானா சோக்கால் ஒரு கோடு போட்டிருக்கிறார். அந்தக் கோடு அப்படியே இருக்கிறது. இடைவெளியோ ஒரு விரல். வில்லு இரண்டு விரற்கடை இறங்கியிருந்தால் முதல் வளைவிலேயே டயர் அந்தக் கோட்டை நக்கித் துடைத்திருக்கும்.

“அப்ப ஜீப் குள்ளமாகல்லயா மிஸ்?”

“ஜீப் கட்டின மாதிரியே நிக்குது ஹமீது. வேறை ஏதோ மாறியிருக்குது.”

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பிடிபடாதபோது நான் பகிடி விடுவது வழக்கம். அந்தக் கடையில் எல்லாமே சுருங்கும் மிஸ், ஜீப் மட்டும் என்ன விதிவிலக்கா என்றேன். என் மனைவி ஸக்கியா வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கிறாள். மடுல்கெல்லத் தோட்டத்துப் பெண்கள் சட்டை தைக்கத் துணி கொடுத்துவிடுவார்கள். அழகமுத்து கடைத் துணி என்றால் ஒரு கை வெட்டினால் மறு கைக்குக் காணாது. தண்ணீரில் போடுவதற்கு முன்பே சுருங்குகிற துணியை இந்தக் கடையில்தான் பார்க்கிறேன் என்று ஸக்கியா தலையில் அடித்துக்கொள்வாள்.

நான் சிரித்தேன். மிஸ் சிரிக்கவில்லை.

“டவுன் ஆக்கள் கொண்டுவாற துணியும் காணாமல் போறதோ?”

யோசித்துப் பார்த்தேன். டவுன் ஆட்கள் அதே கடையில்தான் வாங்குகிறார்கள். அவர்களுடைய துணியில் மிச்சம் வெட்டி எங்கள் வீட்டுத் தலையணைக்கே ஸக்கியா உறை தைத்திருக்கிறாள். தோட்டத்துத் துணிதான் குறைகிறது என்றேன்.

“காரைத் திருப்பும்,” என்றார் மிஸ். “எனக்கு ரிப்பன் வேணும்.”

மிஸ் பரிமளத்தின் கூந்தல் கொண்டை போட்டு ஊசி குத்தி வைத்த கூந்தல். அதில் ரிப்பன் கட்ட இடமும் இல்லை, அவருக்கு அந்த வயதும் இல்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தவன், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்டியரிங்கைத் திருப்பினேன்.

கடையில் அவர் செல்லப்பாவை அளக்க விடவில்லை. முதலாளியின் கைராசிக்காகத்தான் திரும்பி வந்தேன் என்று ஒரு பொய் சொன்னார். அழகமுத்துவின் முகம் மலர்ந்தது. மேசை மேலிருந்த கெஜக்கோலை எடுத்து, அதன் முனையில் குத்தியிருந்த முத்திரையை எங்களுக்குக் காட்டினார்.

“கவர்மெண்டு ஆபீசர் வருசா வருசம் வந்து பாத்து முத்திர குத்திட்டுப் போற கோலுங்க மிஸ். இதுல ஒரு நூலு கூடக் கொறையாது.”

“உங்கட வாயால கேட்டது சந்தோசம்,” என்றார் மிஸ். ஒரு கெஜம் சிவப்பு ரிப்பனை அழகமுத்து தன் கையாலேயே அளந்து, தன் கையாலேயே வெட்டி, தன் கையாலேயே சுற்றிக் கொடுத்தார்.

*

சம்பளச் சனிக்கிழமை விடியும்போதே மழை தூறியது. மொரிஸ் மைனரில் முன்னால் மிஸ், பின்னால் முஹைதீன் நானா. வத்தேகம தாண்டும்வரை மிஸ் நானாவிடம் தாழ்ந்த குரலில் ஏதோ விளங்கப்படுத்திக்கொண்டு வந்தார். பாதையைப் பார்த்து ஓட்டச் சொல்லி என்னை இடையில் ஒருமுறை அதட்டினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நானா, “சீ,” என்றார்.

பன்வில தாண்டி ஏற்றம் தொடங்கியதும் பின்னால் ஹோர்ன் சத்தம். ஒதுங்கினேன். அழகமுத்துவின் ஜீப் எங்களைக் கடந்து போனது. செல்லப்பா ஓட்டினான். முதலாளி மூட்டைகளோடு மூட்டையாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு முக்காலி. ஜீப் உயர்ந்த நாளிலிருந்து அந்த முக்காலி இல்லாமல் அவரால் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது என்பது கடைத்தெருவே அறிந்த விஷயம். பெரிய டயர் சேற்றை வாரி என் கண்ணாடியில் பூசிவிட்டுப் போனது.

“என்ன பிடி பிடிக்கிது பாருங்க,” என்றார் நானா. அவமானப்பட்டு நிற்கிற நேரத்திலும் தன் வேலையைப் பார்த்து அவருக்குச் சந்தோஷம் வந்துவிட்டது. அந்த மனிதர் மீது எனக்கு அப்போது பாசம் பொங்கியது.

கொஞ்ச தூரத்தில் என் மொரிஸ் மைனர் வயிறு தட்டி நின்றது. ஒன்றும் செய்ய முடியாது. தேயிலைத் தொழிற்சாலைக்குப் போகிற பொன்னுத்துரையின் லொறி வந்தது, அதில் பொன்னுத்துரையும் இருந்தார். தற்செயல் என்று நினைத்தேன். அன்று தொழிற்சாலைக்கு அவரே வரவேண்டும் என்று மிஸ் முதல் நாளே சொல்லி அனுப்பியிருந்தது அப்புறம்தான் தெரிந்தது. தொழிற்சாலை வரை லொறியில் போனோம். அதற்கு மேல் லொறியும் போகாது. நடந்தோம். பொன்னுத்துரை ஒவ்வொரு வளைவிலும் நின்று, இந்த வயதில் தன்னை எதற்காக மலையேற்றுகிறீர்கள் என்று கேட்டார். மேலே ஒரு அதிசயம் காட்டுகிறோம் என்று நான் சொன்னேன். எனக்கே அது என்னவென்று தெரியாது.

மேல் பிரிவில், காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கிற பிரட்டுக்களத்தில் வேறு எந்த வியாபாரியும் வந்து சேரவில்லை. ஜீப் மட்டும் நடுவில் ராஜா மாதிரி நின்றது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்துப் பெண்கள் அதைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றார்கள். செல்லப்பா பின்பக்கத்துப் பலகையைச் சாய்த்து, துணிகளைப் பரப்பி, இருக்கைக்குக் கீழேயிருந்து ஒரு கெஜக்கோலை எடுத்து அளந்து கிழித்துக்கொண்டிருந்தான். அதிலும் மூன்று பித்தளை ஆணிகள். முத்திரை மட்டும் இல்லை.

அழகமுத்து எங்களைக் கண்டதும் ஒரு கணம் முகம் மாறி, உடனே வாய் நிறையச் சிரித்தார். மிஸ் நடந்து களைத்துப் போனதாகச் சொல்லி, ஜீப் படியருகில் கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தனக்கும் ஒரு கெஜம் வெள்ளைத் துணி வேண்டும் என்றார். செல்லப்பா கோலைத் துணி மேல் வைத்தபோது கையை உயர்த்தி நிறுத்தினார்.

“தம்பி, துணிக்கு வைக்கிறதுக்கு முந்தி அந்தக் கோலை ஒருக்கால் பம்பரில வைச்சுக் காட்டும். இந்த ஜீப் குறைஞ்சு போச்சுதாமே, நானும் பாக்கிறன்.”

செல்லப்பா முதலாளியைப் பார்த்தான். முதலாளி, வியாபார நேரத்தில் இதெல்லாம் எதற்கு என்றார். அவர் குரலில் இருந்த அவசரம் கூட்டத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. முன்வரிசையில் நின்ற சுந்தரி என்ற பெண், கையில் மகளுக்கு வாங்கிய சட்டைத் துணியோடு, “வச்சுத்தான் காட்டுங்களேன் செல்லப்பாண்ணே, காசா பணமா,” என்றாள். நான் அதற்குள் கோலைச் செல்லப்பாவின் கையிலிருந்து உருவிக்கொண்டு போய் முன் பம்பருக்கு நேராக நிறுத்திவிட்டேன்.

பம்பர் முக்கால் ஆணியைத் தொட்டு நின்றது. ஒரு மயிரிழை கூடக் குறையவில்லை.

பொன்னுத்துரை குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். “சரியாத்தானே இருக்கு,” என்றார்.

“மலைக் காத்துப் பட்டு ஜீப் வளந்திட்டு மொதலாளி,” என்றேன் நான். பெண்கள் சிரித்தார்கள்.

அழகமுத்துவைக் குறைத்து எடை போட்டுவிட்டேன். இந்தச் சிரிப்பிலேயே அவர் தப்பிக்கிற வழியைக் கண்டுபிடித்துவிட்டார். கையைத் தட்டினார், முஹைதீன் நானாவின் தோளில் கையைப் போட்டார்.

“புது வில்லு பாருங்க, மூணு நாலு நாளைக்கு எறங்கும், ஓட ஓட ஏறிக்கும். நாந்தான் அவசரப்பட்டுட்டேன். பொன்னுத்துரை அண்ணே, முஹைதீன் வேலையில ஒரு கொறையும் இல்ல. நம்ம வாய்தான் சும்மா இருக்கல. இதோட விட்ருவோம்.”

பொன்னுத்துரை தலையாட்டினார். அவ்வளவுதான், வேலை முடிந்தது. லொறிகள் திரும்பி வரும், கராஜ் பிழைக்கும், நானா எங்களிடம் கேட்டது முழுவதும் கிடைத்துவிட்டது. நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். ஆனால் மிஸ் முக்காலியை விட்டு எழும்பவில்லை. கைப்பையின் மேல் கையை வைத்துக்கொண்டு நானாவைப் பார்த்தார். வழக்கு நானாவுடையது, முடிவும் நானாவுடையது என்ற மாதிரி ஒரு பார்வை.

நானா தன் தோளில் கிடந்த கையைப் பார்த்தார். பிறகு சுந்தரியின் கையிலிருந்த துணியைப் பார்த்தார். தோளைச் சற்றே அசைத்தார், அழகமுத்துவின் கை கீழே விழுந்தது.

“வில்லு தானா எறங்கித் தானா ஏறாது மொதலாளி. அப்பிடிச் சென்னா அதுவும் என் வேலைக்கிக் கொறைதான். மிஸ், ரிப்பன எடுங்க.”

மிஸ் ரிப்பனை எடுத்தார். கட்டுகஸ்தோட்டையில் அழகமுத்து முதலாளி தன் கையால் அளந்து தந்த ஒரு கெஜம் ரிப்பன் இது என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். “அப்பிடித்தானே முதலாளி?” என்று அழகமுத்துவையே கேட்டார். நான் கோலைப் படுக்க வைத்துப் பிடித்தேன். மிஸ் ரிப்பனின் ஒரு நுனியைக் கோலின் தலையில் வைத்து, நீவிக்கொண்டே கடைசிவரை போனார்.

கோல் முடிந்துவிட்டது. ரிப்பன் முடியவில்லை. இரண்டு விரற்கடைக்கும் மேலே, சிவப்பாக, காற்றில் ஆடிக்கொண்டு நின்றது.

அப்போதுதான் என் மண்டையில் வெளிச்சம் அடித்தது. டவுனில் ஆபீசர் வருவார், அங்கே முத்திரைக் கோல். இந்த மலைக்கு எந்த ஆபீசர் ஏறப் போகிறார், இங்கே குட்டைக் கோல். அது எப்போதும் ஜீப் இருக்கைக்குக் கீழேதான் வாழ்ந்தது. பூசை நாளன்று பூரிப்பில் முதலாளி கைக்கு அகப்பட்டதை இழுத்து அளந்துவிட்டார். குட்டைக் கோலில் பம்பர் ஆணியைத் தொட்டது. திங்கட்கிழமை மேசைக் கோலால் அளந்தார், தொடவில்லை. ஜீப் இருந்த இடத்திலேயேதான் இருந்தது.

“அன்னைக்கி சாயங்காலமே சொன்னேன் மிஸ்,” என்றான் செல்லப்பா. ஒரு வாரமாகத் தொண்டையில் நின்றது வெளியே வந்துவிட்டது. “கோலு மாறிப்போச்சு மொதலாளி, முஹைதீன் பாய் மேல தப்பில்லன்னு. ஊரு பூரா கத்தியாச்சு, இனி மாத்திப் பேசினா கோலக் காட்டணும், பேசாம ஜீப்ப மூடுடான்னாரு.”

அப்படியென்றால் இந்த ஆள் தெரிந்தேதான் ஒரு மனிதரின் பெயரைச் சேற்றில் போட்டு, அதன் மேல் தார்ப்பாயும் போட்டு மூடியிருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் வாயில் பகிடி வரவில்லை. அது எனக்கு அபூர்வம்.

சுந்தரி வந்து மிஸ்ஸின் கையிலிருந்து ரிப்பனை வாங்கினாள். தன் மகளின் சட்டைத் துணியை ஜீப்பின் பலகையில் விரித்து ரிப்பனை வைத்துப் பார்த்தாள். பிறகு மற்றப் பெண்களைப் பார்த்தாள்.

“போன தீவாளிக்கி எம் புள்ளைக்கி ஒரு கையி குட்டையாத் தச்சுப் போட்டேன். தையக்காரியத்தான் ஏசினேன்.”

அந்தத் தையக்காரி என் மனைவி என்று சொல்ல நான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. பெண்கள் நெருங்கினார்கள். ஒருத்தி கத்தவில்லை, ஒருத்தி கை ஓங்கவில்லை. நெருங்க மட்டும் செய்தார்கள். அழகமுத்து பின்னாலேயே நடந்து ஜீப்பின் படியில் முதுகு முட்டி நின்றார். திரும்பி, ஒரு காலைத் தூக்கினார். எட்டவில்லை. வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு மறுபடியும் தூக்கினார். கம்பியைப் பிடித்துத் தொங்கினார். இறங்கினார். முக்காலியைத் தேடினார்.

முக்காலியில் மிஸ் பரிமளம் வசதியாக உட்கார்ந்திருந்தார்.

“ஏறுங்கோ முதலாளி,” என்றார். “ரெண்டு விரற்கடை குறைஞ்ச ஜீப்தானே.”

முதலில் சிரித்தது பொன்னுத்துரை. அதற்குப் பிறகு களம் முழுவதும் சிரித்தது, செல்லப்பாகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அழகமுத்து ஒரு கையில் வேட்டியும் ஒரு கையில் ஜீப் கம்பியுமாக, தான் ஏற முடியாத உயரத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

“முஹைதீன் கட்டினது சரியான ஒசரம்தாங்க,” என்றார் கடைசியில், ஜீப்பைப் பார்த்துத்தான், எங்களைப் பார்த்து இல்லை. “கோலுதான் கொற.”

அன்று மடுல்கெல்ல மேல் பிரிவில் அத்தனை துணியும் ரிப்பனால் அளக்கப்பட்டது. ரிப்பனின் ஒரு நுனியைச் சுந்தரி பிடித்துக்கொண்டாள், மறு நுனியைச் செல்லப்பா. முன்பு வாங்கியவர்களுக்கும் குறைந்த துணியைக் கொடுத்துவிட்டுத்தான் ஜீப் கீழே இறங்கலாம் என்று பெண்கள் தீர்ப்புச் சொன்னார்கள். அழகமுத்து அதற்கும் தலையாட்டினார். ஏறி உட்காரவும் வழியில்லாமல், இறங்கிப் போகவும் வழியில்லாமல், மத்தியானம் வரை ஜீப்புக்குப் பக்கத்திலேயே நின்றார். மூட்டைகள் காலியான பிறகுதான் மிஸ் முக்காலியை விட்டு எழும்பினார்.

கீழே இறங்கி வரும்போது பொன்னுத்துரை, திங்கட்கிழமை முதல் லொறியைத் தானே ஓட்டிக்கொண்டு கராஜுக்கு வருவதாக நானாவிடம் சொன்னார். நானா சரி என்று மட்டும் சொன்னார். நடந்துகொண்டே தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துவிட்டுச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். இந்த முறை சந்தேகமாகப் பார்க்கவில்லை.

பன்விலப் பாதையில் என் மொரிஸ் மைனர் விட்ட இடத்திலேயே வயிறு தட்டிக் கிடந்தது. மூன்று பேரும் சேர்ந்து தள்ளினோம், அதாவது நானும் நானாவும் தள்ளினோம், மிஸ் எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று சொன்னார். சேறு பூசிய முகத்தைத் துடைத்துக்கொண்டு நான் நானாவிடம் கெஞ்சினேன்.

“நானா, என்ட காரையும் ஒரு ரெண்டு விரற்கடை தூக்கித் தாங்களேன்.”

அந்த வாரத்தில் முதல் தடவையாக முஹைதீன் நானா வாய்விட்டுச் சிரித்தார்.

“தூக்கலாம் தம்பி,” என்றார். “எந்தக் கோலால?”